ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் கல்லூரியைத் திறந்து வையுங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் கணினித் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற உரிமையோடு வரும் மென்பொருள்) மாநாடுகளைத் தன்னார்வத்தில் நடத்தும் குழுவொன்றில் வேலை செய்கிறேன். எங்களில் சிலர் ஐடி கம்பெனிகளில் இருக்கிறார்கள், சிலர் ஆசிரியர்கள். பலர் உங்கள் கல்லூரிகளிலேயே இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் படிக்கிறவர்கள். மாநாட்டுக்கு இடம் கேட்டு உங்கள் அலுவலக வாசலில் காத்திருப்பது எங்களுக்குப் பழக்கமான வேலை. உள்ளே கூப்பிட்டால் ஐந்து நிமிடம் கிடைக்கும். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லி முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கேட்பது இதுதான். ஆண்டில் ஒரே ஒரு சனி ஞாயிறு உங்கள் வளாகத்தை எங்களுக்குத் தாருங்கள். தந்த பிறகு, அது கல்லூரி விழாவாகிவிடாமல் மாநாடாகவே நடக்க விடுங்கள். முதல் கோரிக்கைக்குச் சம்மதம் சொன்ன நல்ல மனிதர்கள் நிறையப் பேர். இரண்டாவதில்தான் ஒவ்வொரு முறையும் இடறுகிறது. அதனால் இந்த மடலின் பெரும்பகுதி அதைப் பற்றியது.

வெளியாட்கள் வந்து கல்லூரிக்குள் கூடுவது உங்களில் சிலருக்குத் தயக்கமாக இருக்கலாம். இந்த வகை மாநாடுகளில் உலகில் பெரியவை பலவும் கல்விக்கூடங்களில்தான் நடக்கின்றன. 2001-இல் தொடங்கிய ஃபாஸ்டெம் மாநாடு பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரப் பல்கலைக்கழக வளாகத்தில் நடக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது, முன்பதிவும் கிடையாது. ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். பொது உரைகளுக்குப் பெரிய அரங்கம் இருக்கிறது. மற்றபடி வகுப்பறைகளை மென்பொருள் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். யாரைப் பேச அழைப்பது, எந்த வரிசையில் பேசுவது என்பதெல்லாம் அந்தந்த அறைக்காரர்களின் பொறுப்பு. அறை நிரம்பினால் தன்னார்வலர் ஒருவர் வாசலில் 'நிரம்பியது' என்று அட்டையைக் காட்டி நிறுத்திவிடுவார். அங்கே யார் பேராசிரியர், யார் மாணவர் என்று பார்ப்பதில்லை. ஜெர்மனியின் கெம்னிட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1999 முதல், கட்டற்ற இயங்குதளமான லினக்ஸின் பெயரில் 'லினக்ஸ் நாட்கள்' நடக்கின்றன. அதுவும் தன்னார்வலர் கையில்தான்.

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் இயங்குதளத்தின் ஆண்டு மாநாடான டெப்கான்ஃப் 2000-இல் பிரான்சின் போர்தோவில் தொடங்கியது. பிறகு கேப்டவுன் பல்கலைக்கழகம், பிரேசிலின் குரிச்சிபா, தென்கொரியாவின் புசானில் புக்யோங் தேசியப் பல்கலைக்கழகம் என்று நாடு நாடாகப் போய்க்கொண்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் கொச்சிக்கு வந்தது. அடுத்து எந்த ஊர் என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், அந்தந்த ஊர்த் தன்னார்வலர்கள் தங்கள் திட்டத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதி வைக்க வேண்டும்: அரங்கம் என்ன, தங்க இடம் எது, விசா கிடைக்குமா, சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும். உங்கள் லேபில் உபுண்டு ஓடுகிறதென்றால் அதன் அடிப்படை டெபியன்தான். அதை இத்தனை காலமாக வளர்த்து வருகிறவர்கள் ஆண்டுக்கொரு முறை நேரில் சந்திப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தின் வகுப்பறைகளில்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். சென்னையில் 1998-இல் தொடங்கிய லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை கூடியது சென்னை ஐஐடியில், கஜேந்திரா சர்க்கிள் அருகே, ஏரோஸ்பேஸ் துறையின் வகுப்பறை ஒன்றில். அங்கே மாணவராக இல்லாதவர்களும் தாராளமாக உள்ளே போய் உட்கார்ந்து கேட்டார்கள். இன்று மென்பொருள் துறையில் நல்ல நிலையில் இருக்கும் பலர் முதன்முதலாகக் கட்டற்ற மென்பொருள் பற்றிக் கேள்விப்பட்டது இதுபோன்ற கூட்டங்களில்தான். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் டெப்கான்ஃபின் சிறிய வடிவமான மினிடெப்கான்ஃப் நடந்தது. அப்போது ஐடி பூங்கா இல்லாத ஒரு மாவட்டத் தலைநகரில் உள்ளூர் லினக்ஸ் குழுவினர் முன்னின்று நடத்தினார்கள். அந்த ஊரில் முடிந்தது எந்த ஊரிலும் முடியும்.

எங்களுக்குத் தேவையானதைச் சொல்கிறேன். ஏசி அரங்கம் வேண்டாம். சாய்வாக இறங்கும் பெரிய ஆடிட்டோரியத்தில் இருநூறு இருக்கைக்கு மேடையருகே இரண்டே பிளக் பாயின்ட்தான் இருக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸாக மாட்டிக்கொண்டே போனால் எம்சிபி விழுந்து மின்சாரம் போய்விடும். மேசையும் மின்விசிறியும் உள்ள நான்கு வகுப்பறைகள், ஒரு லேப், நூற்றைம்பது பேர் உட்காரக்கூடிய ஒரு செமினார் ஹால், அவ்வளவு போதும். ஞாயிறு அன்று அந்த பிளாக்கின் கழிவறைகள் திறந்திருக்க வேண்டும், தண்ணீர் வர வேண்டும். இதைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு கல்லூரியில் மோட்டார் போடுகிறவருக்கு ஞாயிறு விடுமுறை. பெண்கள் கழிவறையின் சாவி யாரிடம் இருக்கிறதென்று மதியம் வரை ஒருவருக்கும் தெரியவில்லை. அன்று வந்திருந்த பெண்களில் சிலர் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் போனதற்குக் காரணம் எந்த உரையும் இல்லை.

அடுத்தது இணையம். பயிலரங்குகள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நூற்றைம்பது பேர் வந்தால் ஆளுக்கொரு லேப்டாப், ஒரு போன் என்று முந்நூறு கருவிகள். வழக்கமான ரூட்டர் அமைப்பில் ஒரு நெட்வொர்க்கில் கருவிகளுக்கு ஆளுக்கொன்றாகத் தர 254 முகவரிகள்தான் உண்டு. அவை தீர்ந்த பிறகு வருகிறவருக்கு வைஃபை சிக்னல் முழுதாகக் காட்டும், இணையம் மட்டும் வராது. பயிற்சி தருகிறவர் மூன்றாவது கட்டளைக்குப் போயிருப்பார், இவர் முதல் கட்டளையிலேயே நிற்பார். அடுத்தது ஃபயர்வால், அதாவது இணையத்தில் எது போகலாம், எது கூடாது என்று தடுக்கும் அமைப்பு. மாணவர்களின் நலனுக்காகப் போட்டது, அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் அதில் 22-ஆம் போர்ட் என்ற வழி பெரும்பாலும் மூடியிருக்கும், தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச் அந்த வழியாகத்தான் போகிறது. நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் தன் முதல் திருத்தத்தைச் செய்து முடித்த மாணவி அதை அனுப்பக் கட்டளை கொடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். எதுவும் நடக்காது. பிழைச் செய்திகூட வர நேரமாகும். தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வாள். அது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம்.

இதற்கெல்லாம் செலவில்லாத வழி இருக்கிறது. கல்லூரி நெட்வொர்க்கோடு ஒட்டாத தனி வி-லேன் (பிரித்து வைத்த உள் நெட்வொர்க்) ஒன்றை அந்த இரண்டு நாளுக்கு மட்டும் ஒதுக்குங்கள். தேர்வுப் பிரிவின் கணினிகளும் அலுவலகக் கணினிகளும் அந்தப் பக்கமே இருக்கட்டும், எங்களுக்கு அவை தெரியவே வேண்டாம். முகவரி வரம்பைப் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள். ரோல் நம்பர் கேட்கும் உள்நுழைவுப் பக்கத்துக்குப் பதிலாக ஒரு பொதுக் கடவுச்சொல் கொடுங்கள், வெளியிலிருந்து வருகிறவருக்கு ரோல் நம்பர் கிடையாது. டெபியன் பொதிகளை, அதாவது நிறுவுவதற்கான மென்பொருள் தொகுப்புகளை, நாங்கள் முன்கூட்டியே ஒரு கணினியில் இறக்கி வைத்து வளாகத்துக்குள்ளேயே பகிர்ந்துகொள்வோம். ஐம்பது பேர் ஒரே பொதியை ஒரே நேரத்தில் வெளியிலிருந்து இறக்கி உங்கள் இணைப்பை அடைக்க மாட்டார்கள். உங்கள் சிஸ்டம் அட்மின் எங்கள் ஆட்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முடிகிற வேலை. அவரும் மாநாட்டுக்கு வரட்டும். அவருடைய வேலைக்கு நேரடியாக உதவும் உரைகள் சில இருக்கும்.

இனி தொடக்க விழா. இதைச் சொல்லும்போது யாரையும் புண்படுத்திவிடக் கூடாது என்று பயந்தே எழுதுகிறேன். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தாளாளர் உரை, செயலர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, நினைவுப் பரிசு. ஒன்பதரைக்குத் தொடங்கினால் பன்னிரண்டு தாண்டிவிடுகிறது. அன்று பேசுவதற்காகக் கொச்சியிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ராத்திரி பஸ்ஸில் வந்து பல் துலக்கிய கையோடு அரங்கத்துக்கு வந்தவருக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்கியிருப்போம். அது பதினைந்தாகச் சுருங்கும். பத்து ஸ்லைடைத் தள்ளிவிட்டு மூச்சுவிடாமல் பேசி முடிப்பார். அவருக்கு நாங்கள் பணம் எதுவும் தருவதில்லை, பஸ் டிக்கெட் மட்டும்தான், அதையும் வேண்டாம் என்பவர்கள் உண்டு. அவருடைய நேரத்தைக் காப்பாற்றுவதுதான் நாங்கள் செய்யக்கூடிய ஒரே மரியாதை.

ஆகவே என் வேண்டுகோள்: தமிழ்த்தாய் வாழ்த்தோடு தொடங்குவோம். முதல்வர் ஐந்து நிமிடம் வரவேற்கட்டும். பொன்னாடை வேண்டாம், அந்தப் பணத்தில் இரண்டு மாணவர்கள் வேறு ஊரிலிருந்து வந்துவிடலாம். முதல் உரை முடியும் வரை முன் வரிசையில் இருங்கள். முடிந்ததும் எழுந்து ஒரு கேள்வி கேளுங்கள். தங்கள் முதல்வர் கையைத் தூக்கிக் கேள்வி கேட்பதைப் பார்க்கும் மாணவர்கள் அடுத்த உரையில் தாங்களும் கேட்பார்கள். எந்தத் தொடக்க விழாவாலும் அப்படியொரு தொடக்கத்தைத் தர முடியாது.

கூட்டம் சேர்த்துத் தருவதாகச் சொல்கிறீர்கள். அந்த நல்லெண்ணத்துக்கு நன்றி. ஆனால் மூன்று துறை மாணவர்களையும் சீருடையோடு வரிசையாகக் கொண்டுவந்து உட்காரவைத்து வருகைப் பதிவு எடுக்க வேண்டாம். காலையில் அறுநூறு பேர் இருப்பார்கள். சாப்பாடு முடிந்ததும் நூறு பேர்கூட இருக்க மாட்டார்கள். இருக்கிறவர்களிலும் பாதிப் பேர் கடைசி வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, அவர்கள் இதைக் கேட்கவில்லை. தானாகப் பெயர் கொடுத்து வரும் அறுபது பேர் எங்களுக்குப் போதும். அந்த அறுபது பேருக்கு ஓடி (ஆன் டூட்டி அனுமதி) கொடுங்கள். ஞாயிறு மாலை முடிய நேரமானால் ஹாஸ்டல் பெண்களுக்கு ஏழு மணி வரை அனுமதி கொடுங்கள். பையன்கள் கடைசி உரை வரை இருந்து, பெண்கள் ஐந்தரைக்கே எழுந்து ஓடுவதை இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துப் பார்த்து மனது ஒப்பவில்லை.

மாநாட்டில் கற்பது உரைகளில் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். வீடியோ மேசையை எடுத்துக்கொள்வோம். அரங்கத்தின் பின்பக்கம் ஒரு லேப்டாப், ஒரு கேப்சர் கார்டு, ஒரு கேமரா, ஆடியோ மிக்சரிலிருந்து வரும் ஒரு ஒயர். பேச்சாளரின் முகமும் ஸ்லைடும் ஒரே படத்தில் வரும்படி ஓபிஎஸ் என்ற ஒளிப்பதிவு மென்பொருளில் காட்சிகளை அடுக்கி, பதிவும் செய்து, நேரலையும் அனுப்ப வேண்டும். அங்கே ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ஒரு இரண்டாமாண்டு மாணவி. ஒலி இடது பக்கம் மட்டும் வருகிறதே என்று கண்டுபிடிப்பதும், உரையை நிறுத்தாமல் மோனோவுக்கு மாற்றுவதும், காலர் மைக்கின் பேட்டரி தீரப்போகிறதென்று கைச்சைகையால் மேடைக்குச் சொல்வதும் அவள்தான். பேச்சாளரின் லேப்டாப்பில் எச்டிஎம்ஐ இல்லையென்றால் அடாப்டரை எடுத்துக்கொண்டு ஓடுவது இன்னொருவன். முன் வரிசையில் 'ஐந்து நிமிடம்', 'ஒரு நிமிடம்', 'முடிந்தது' என்று மூன்று அட்டையோடு உட்கார்ந்திருப்பவன் முதலாமாண்டு. தன்னைவிட இருபது வயது மூத்த பொறியாளருக்கு நேரம் முடிந்ததென்று காட்ட முதலில் கை நடுங்கும். மத்தியானத்துக்குள் பழகிவிடும்.

சாப்பாட்டுக் குழு தனி. புதன்கிழமை இரவே எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும். பதிவு செய்தவர்கள் எல்லோரும் வருவதில்லை, பதிவு செய்யாதவர்களும் வருவார்கள். ஊர்க் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவர் போடுகிற கணக்கு மாதிரிதான் இதுவும். அதைப் போடக் கற்றுக்கொண்ட மாணவர்கள் பிறகு எந்த வேலையிலும் பதறுவதில்லை.

இந்த வேலைகளில் ஆசிரியர் குழு ஒன்றை மேற்பார்வைக்கு அமர்த்தி ஒவ்வொரு முடிவுக்கும் கையெழுத்து வாங்கச் சொன்னால் மாணவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒரே ஒரு ஆசிரியர், மாணவர்களே தேர்ந்தெடுத்தவர், கூட இருந்தால் நல்லது. அவரிடம் எல்லா அறைச் சாவிகளும் இருந்தால் இன்னும் நல்லது.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. மேடையில் ஆங்கிலம் மட்டும்தான் என்று சில கல்லூரிகள் விதி வைக்கின்றன. எங்கள் மாநாட்டில் தமிழில் பேசலாம், ஆங்கிலத்தில் பேசலாம், கலந்தும் பேசலாம். பயர்பாக்ஸும் லிப்ரெஆபீசும் இன்று தமிழ் இடைமுகத்தோடு கிடைப்பது தன்னார்வலர்கள் ஒவ்வொரு வரியாக உட்கார்ந்து மொழிபெயர்த்ததால். அந்த வேலையைச் செய்கிறவர்கள் தமிழில் பேசினால்தான் முழுதாகப் பேச முடியும். உரைகளைப் பதிவு செய்து கட்டற்ற உரிமத்தில் வெளியிடுகிறோம். இணையத்தில் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைப் பற்றியோ, ஒரு டெபியன் பொதியைக் கட்டுவது பற்றியோ தமிழில் கேட்கக் கிடைப்பது மிகக் குறைவு. உங்கள் செமினார் ஹாலில் பதிவாகும் நாற்பது நிமிடம் ராமநாதபுரத்திலோ கிளிநொச்சியிலோ இருக்கும் ஒரு பிள்ளைக்குப் பாடமாகும். உங்கள் கல்லூரிப் பெயர் அந்தப் பதிவின் தொடக்கத்தில் இருக்கும், அதை மகிழ்ச்சியோடு போடுகிறோம்.

பணத்தைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் வருவது நியாயம். எங்களைப் போன்ற குழுக்கள் பலவற்றுக்குத் தனியாகப் பான் எண்ணோ வங்கிக் கணக்கோ கிடையாது. அதனால் ஸ்பான்சர் பணம் பதிவுபெற்ற ஓர் அமைப்பின் வழியாகத்தான் வரும், போகும். டெபியனுக்கும் அப்படித்தான்: அதன் பணத்தை வைத்துக்கொள்ள 1997-இல் அமெரிக்காவில் ஒரு லாப நோக்கற்ற நிறுவனத்தைப் பதிவு செய்தார்கள். வரவு செலவு முழுவதையும் மாநாடு முடிந்த பிறகு பொதுவில் வைப்போம், தேநீர்க் கணக்கு உட்பட. உங்களிடமிருந்து நாங்கள் பணம் கேட்கவில்லை. வாடகையும் கேட்காதீர்கள் என்பதே வேண்டுகோள். மின்சாரத்துக்கும் துப்புரவுப் பணியாளர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூலிக்கும் ஆகும் தொகையைச் சொல்லுங்கள், கொடுத்துவிடுகிறோம். கூலி அவர்கள் கையில் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம்.

புரிந்துணர்வு ஒப்பந்தம் போட வேண்டும், ஐந்தாண்டுக்கு என்றெல்லாம் பேச்சு தொடங்கினால் மூன்று மாதம் அதிலேயே கழிந்துவிடும். தேதி, அறைகள், இணையம், தொடர்புக்கு ஒரு ஆசிரியர் பெயர், இவை உள்ள ஒரு பக்கக் கடிதம் போதும். அந்தத் தேதியை மாற்றாமல் இருப்பதுதான் அதைவிட முக்கியம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பு திறக்கிறது. பேச்சாளர்கள் அன்றே டிக்கெட் எடுத்துவிடுகிறார்கள். ஆய்வுக் குழு வருகிறதென்று ஒரு கல்லூரியில் ஒரு வாரம் இருக்கும்போது அரங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆய்வுக் குழு வருவது உங்கள் கையில் இல்லை, தெரியும். அப்படியானால் அறைகளை வேறு பிளாக்குக்கு மாற்றித் தாருங்கள், தேதியைத் தொடாதீர்கள்.

வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணனிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வருகிறவர்களில் பத்தாம் வகுப்புப் பையன் இருப்பான், ஓய்வுபெற்ற தபால்காரர் இருப்பார், மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவர் இருப்பார், இடுப்பில் குழந்தையோடு ஒரு தாய் இருப்பார். டி-ஷர்ட் போட்டிருக்கிறார், ஷூ போடவில்லை, கல்லூரி அடையாள அட்டை இல்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. பெயர் எழுதி உள்ளே விடட்டும். எல்லோருக்கும் பொருந்தும் நடத்தை விதிகளை நாங்கள் எழுதி ஒட்டுவோம். யாருக்காவது தொல்லை நேர்ந்தால் யாரிடம் சொல்வது என்று இரண்டு பேரின் பெயரும் போன் எண்ணும் அதில் இருக்கும். புகைப்படம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறக் கழுத்துப்பட்டை கொடுப்போம். உங்கள் அறிக்கைக்கு இடக்குறியோடு கூடிய படங்கள் தேவை என்பது தெரியும், எடுத்துத் தருகிறோம், அந்தக் கழுத்துப்பட்டைக்காரர்கள் அதில் இருக்க மாட்டார்கள்.

சான்றிதழ் கேட்பீர்கள். பேசியவர்களுக்கும் வேலை செய்த மாணவர்களுக்கும் என்ன செய்தார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவோம். 'வீடியோ மேசை, இரண்டு நாள்' என்று இருக்கும், 'பங்கேற்றார்' என்று இருக்காது. வந்து கேட்டுப்போனவர்களுக்குச் சான்றிதழ் இல்லை. இதில் நாங்கள் பிடிவாதமாக இருப்பதை மன்னித்துவிடுங்கள். சான்றிதழுக்காக வருகிற கூட்டத்தில், ஆசைக்காக வந்தவர் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டிருப்பார்.

சம்மதமென்றால், தேதி முடிவாவதற்கு முன்பு ஒரு வேலை நாள் மாலையில் எங்களில் மூன்று பேர் வந்து வளாகத்தைப் பார்க்க அனுமதி கொடுங்கள். உங்கள் சிஸ்டம் அட்மினும் எலக்ட்ரீஷியனும் கூட வந்தால் போதும், நீங்கள் வேலையை விட்டு வர வேண்டியதில்லை. எந்த அறையில் எத்தனை பிளக் பாயின்ட் வேலை செய்கிறது, ப்ரொஜெக்டரில் எந்த ஒயர் மாட்டலாம், வீல்சேர் எந்த வாசல் வழியாக ஏறும், பெண்கள் கழிவறையின் சாவி ஞாயிறு அன்று யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் அன்றே எழுதிக்கொண்டு போய்விடுவோம். அடுத்த திங்கட்கிழமைக்குள் அறை வாரியான திட்டத்தை உங்கள் மேசையில் கொண்டுவந்து வைக்கிறோம்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
மாநாட்டுக் குழுவின் தன்னார்வலர் ஒருவர்